பெட்ரோல் விலையும் எட்டரை மணி பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் விலை ஏறினால் மக்கள் வண்டி எடுப்பது குறையும், அதனால் வரியைக் குறைக்கவே கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஊரில் நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடைக்கும் போலிருக்கிறது. பள்ளத்தூரில் பலகாரம் போட்டு விற்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் கைமுறுக்கும் மனகோலமும் சீப்புச்சீடையும் டின்னில் அடைத்துக் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கத்துக் கடைகளுக்குப் போகின்றன. வீட்டுக்காரர்தான் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டு போவார். 2021 நடுவில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோதும் அவர் போகாமல் இருக்கவில்லை. சரக்கு வராவிட்டால் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார். எண்ணெய்க் கடைப் பாக்கியைத்தான் தள்ளிப்போட்டோம், வண்டிக்கு ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போட்டோம் (அப்புறம் மெக்கானிக்கிடம் அழுதது தனிக்கதை). எங்கள் பக்கத்து பங்க்கில் லிட்டர் கணக்கில் கேட்பவர்கள் குறைவு. ‘நூறு ரூபாய்க்குப் போடுப்பா’தான். விலை ஏறினால் அதே நூறு ரூபாய்க்குக் குறைவாக விழும், சீக்கிரமே மறுபடி அங்கே போய் நிற்போம்.

வசதியுள்ளவர்களுக்கும் இது உறைப்பதில்லை. கல்யாணம், முன்னோரைக் கும்பிடும் படைப்பு என்றால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். வந்தவர்கள் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று கோயில்களையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். டிரைவர் ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவார். பெட்ரோல் இன்று என்ன விலை என்று அங்கே ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

விலை இறங்கியபோது என்ன ஆயிற்று? 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு அந்த நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்தது. மலிவாகிவிட்டதே என்று எங்கள் தெருவில் யாரும் சும்மா ஒரு ரவுண்டு போய் வரவில்லை.

வாங்கும் வண்டியை வேண்டுமானால் விலை மாற்றுகிறது. என் மகள் பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தது பெட்ரோலுக்குப் பயந்துதான். ஆனால் சார்ஜ் செலவு கொஞ்சம்தானே என்று முன்பைவிட அதிகமாகவே சுற்றுகிறாள்!

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டம் குறைந்தது பஸ்ஸால். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று உத்தரவு வந்தது. ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் வசூலுக்கும் மளிகைக்கும் நானே போக ஆரம்பித்தேன். சரக்கு அதிகமில்லாத நாளில் டின்னும் என்னோடு பஸ்ஸில்தான் வரும். அந்த நாட்களில் எக்ஸெல் திண்ணை ஓரமாக நிற்கும்.

திரும்பி வருவதுதான் பாடு. கடைக்காரர்கள் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கவே இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. அதற்கு மேல் எனக்குத் தோதாக டவுன் பஸ் இல்லாததால் வீட்டுக்காரர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஏற்றிப் போகிறார். வண்டி ஓட்டம் குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தானுக்கு எட்டரை மணிக்கு ஒரு டவுன் பஸ் விடச் சொல்லி எழுதட்டும். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
பலகாரம் செய்யும் வாசகி,
பள்ளத்தூர்.