மாங்காய்க் கொடி பார்டர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அந்த வாட்ஸ்அப் படம் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். ஒரு பக்கம் போன தீபாவளிக்கு நாம் விட்ட மாங்காய்க் கொடி பட்டு, 6,800 ரூபாய். மறுபக்கம் அதே பார்டரில் பாலியஸ்டர், 950 ரூபாய். கீழே, “காப்பியடித்துவிட்டு ஏழு மடங்கு விலை” என்று ஒரு வரி.

விலையைப் பற்றிப் பேசினால் சரி, பட்டு எது பாலியஸ்டர் எது என்று உங்களுக்கே தெரியும். காப்பி என்றதுதான் தாங்கவில்லை. சேலம் அம்மாப்பேட்டையில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கான துளை அட்டை அடித்து, முதல் சேலை தறியிலிருந்து இறங்க இரண்டு மாதம் ஆனது. மாங்காய் நுனி இடப்பக்கம் வளைந்திருப்பது என் அம்மா சொன்ன திருத்தம். அந்த பாலியஸ்டரிலும் இடப்பக்கம்தான் வளைகிறது!

“கேஸ் போடுங்களேன்” என்றீர்கள். வக்கீலிடம் போனோம். டிசைனாகப் பதியக்கூடியதைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமை போய்விடுமாம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 2000ஆம் வருட டிசைன் சட்டத்தில் பதிந்தால் 10 வருடம் காப்பு, இன்னும் 5 வருடம் நீட்டலாம். ஆனால் பதிவதற்கு முன் வெளியே காட்டியிருக்கக் கூடாது. நாம்தான் முதல் சேலை இறங்கிய அன்றே ஸ்டேட்டஸில் போட்டோமே. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். அது பெயரைத்தான் காக்கும், பார்டரை அல்ல.

ஐரோப்பாவில் பதியாத டிசைனுக்கும் 3 வருடம் காப்பு உண்டு. 2024இல் ரியாத்தில் ஏற்கப்பட்ட, டிசைன் பதிவுக்கான பன்னாட்டு ஒப்பந்தம், வெளியே காட்டிய பிறகும் பதிய 12 மாதம் அவகாசம் தரச் சொல்கிறது. நம் சட்டத்திலும் அப்படி ஒன்று வந்தால் ஆறு தறி வைத்திருக்கும் எங்களுக்கு அதுவே போதும்.

அதுவரை, பதிவுக்கு விண்ணப்பித்த பிறகுதான் புது டிசைன் கடைக்கு வரும். தறியில் இருக்கும்போதே போட்டோ கேட்கும் கல்யாண வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவில் புதுச் சேலைகள் கொஞ்சம் விலை கூடியிருக்கும்.

படத்தைப் பார்த்ததும் போன் செய்து, “அது உங்கள் பார்டர்தான், எனக்குத் தெரியாதா” என்ற அஸ்தம்பட்டி டீச்சரம்மாவுக்கும், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அதே சேலையை உடுத்திவந்த அக்காமார்களுக்கும் எங்கள் நன்றி. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

மாங்காய்க் கொடியில் இன்னும் நான்கு சேலை இருக்கிறது, அரக்கும் மயில்கழுத்தும். அந்த பாலியஸ்டரையும் ஒன்று வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கேட்டால் இரண்டையும் விரித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்