நடு ராத்திரியில் நான் ஏன் நடக்கிறேன்

அன்புள்ள தம்பி,

ராத்திரி இரண்டு மணிக்கு என் வாட்ஸ்அப் ஆன்லைன் என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு, "எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறீர்களா அப்பா?" என்று கேட்டிருந்தாய். கவலை எதுவும் இல்லையப்பா. சிறுநீரகம் போனதோடு வாழப் பழகிவிட்டேன். தூங்கவிடாமல் செய்வது கால்தான். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று பட்டது. இதில் உனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் ஆரம்பிக்கும். கெண்டைக்காலுக்குள்ளே, ஆழத்தில், ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சல். வலி என்று சொல்ல முடியாது. காலை அசைத்தே தீரவேண்டும் என்ற தவிப்புதான் பெரிது. மடக்கி நீட்டினால் விட்டுவிடும், அசையாமல் கிடந்தால் உடனே திரும்ப வரும். எழுந்து நாலு நடை நடந்தால் நிம்மதி, படுத்தால் மறுபடியும் அதே கதை. விடியும் நேரத்தில் தானாக அடங்கும். பகலில் அவ்வளவாகத் தெரியாது என்பதால், டாக்டர் எதிரில் உட்காரும்போது இதைச் சொல்லவே தோன்றாது.

எனக்கு டயாலிசிஸ் மாலை ஷிஃப்ட். நாலு மணி நேரம், கையில் ஊசி, எழுந்து நடக்க வழியில்லை. கட்டிலின் கால்பக்கத் தடுப்பில் உள்ளங்காலை ஊன்றி அழுத்துவேன், விடுவேன், திரும்ப அழுத்துவேன். ஊசி இருக்கிற கை மட்டும் அசையக்கூடாது. ஒரு நாள் பாதியிலேயே மெஷினை நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று வந்துவிட்டது. அன்றுதான் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொன்னேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் நிறைய பேருக்கு இது வரும் என்று சொல்லி, கெண்டைக்காலை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சிஸ்டரே அவரிடம் எடுத்தும் சொன்னார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது சும்மா இருக்காத கால்கள், என்கிறார்கள். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டாராம். 1945-இல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் விரிவாக ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். நம் மனப்பிரமை இல்லை, நோய்தான் என்று தெரிந்ததே எனக்குப் பாதி ஆறுதல்.

மூளைக்குப் போதுமான இரும்புச்சத்து கிடைக்காததும், மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனம் சரியாக வேலை செய்யாததும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. அதனால் முதலில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தார்கள். எனக்குக் குறைவாக இருந்தது, டயாலிசிஸ் குழாய் வழியாகவே இரும்புச்சத்து ஏற்றினார்கள். அப்புறம் காபாபென்டின் என்ற நரம்பு மருந்து, குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகு. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், எனக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறதே. அளவு கொஞ்சம் கூடினாலும் தலை சுற்றும். டோபமைன் வகை மாத்திரைகளும் உண்டு. முதலில் நன்றாகக் கேட்கும். ஆனால் நாளாக ஆக, ராத்திரி வரும் குடைச்சல் சாயங்காலமே வர ஆரம்பித்துவிடலாம், கைக்கும் பரவலாம் என்பதால் டாக்டர் அதைத் தவிர்த்துவிட்டார்.

நானே கண்டுகொண்டதும் கொஞ்சம் உண்டு. மதியத்துக்கு மேல் காபியை விட்டுவிட்டேன். சளிக்கு என்று தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் போட்ட ராத்திரிகள்தான் ரொம்ப மோசம். அந்த வகை மாத்திரைகளும், சில வாந்தி மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இதைக் கிளப்பிவிடுமாம். டயாலிசிஸ் நேரத்தில் குறுக்கெழுத்து போடுகிறேன். மனசு ஒன்றில் ஊன்றிவிட்டால் கால் கொஞ்சம் சும்மா இருக்கிறது. முழுசாகப் போகவில்லை. ஆனால் தொடர்ந்து சில மணி நேரம் தூங்குகிற ராத்திரிகள் இப்போது அதிகம்.

இப்போது உன் விஷயம். நெடுநேரம் பஸ்ஸிலோ விமானத்திலோ உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்று போன தடவை சொன்னாய். நான் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன், ஆனால் மனசில் நின்றுவிட்டது. இது குடும்பத்தில் வரக்கூடியது. உன் பாட்டியும் ராத்திரியில் யாரையாவது கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வார். பயப்பட வேண்டாம், உனக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தமில்லை. ராத்திரியிலும் இருக்கிறதா, நடந்தால் விடுகிறதா என்று மட்டும் கவனி. இருந்தால் டாக்டரிடம் சொல்லி ஃபெரிட்டின் பார். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொள்: இந்தத் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கு 75-க்கு மேல் போகவில்லையென்றால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கிறார்கள். நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே, இரும்பு உடம்பில் அதிகமானாலும் கெடுதல்தான்.

ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. ராத்திரி எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா