பெகு நிலநடுக்கமும் குன்றக்குடி மலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைகள் உண்டான விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். இந்திய நிலத்தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகை, வடக்கே போய் முட்டியதில் இமயமலை எழுந்தது, இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரை நன்றாகப் புரிந்தது. உடனே, "அப்ப குன்றக்குடி மலையும் வளருமா அப்பத்தா?" என்றான். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை.

வளராது. நம் பக்கத்துக் குன்றுகள் அப்படி மடிந்து எழுந்தவை அல்ல. சுற்றியிருந்ததையெல்லாம் மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துப் போக, அசையாமல் மிஞ்சிய பழம்பாறைகள்.

பாறை எப்போது மடியும், எப்போது உடையும்? முற்றத்தில் காயப்போட்ட அப்பளத்தை வைத்துத்தான் பேரனுக்குச் சொன்னேன். பாதி காய்ந்ததை இரண்டு பக்கமும் நெருக்கினால் நடுவில் மேடாக வளைந்தது. மொறுமொறுவென்று காய்ந்தது சடக்கென உடைந்தது. ஆழத்தில் சூடாக இருக்கும் பாறை முதலாவது மாதிரி, மேலே குளிர்ந்து கிடப்பது இரண்டாவது மாதிரி.

சரி, நெருக்குவது ஒன்றுதான் விசையா? இழுத்தால் நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் எதிரெதிராக உரசி நகர்ந்தால் பெரிய மலை எழாது, ஆனால் ஆபத்து குறையாது. கட்டுரையில் இதை விட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. மியான்மரில் (பழைய பர்மா) நிலத்தில் நீளமாக ஓடும் சகாயிங் பிளவு இந்த வகை. ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நகர வேண்டிய பாறை, பிடித்துக்கொண்டு நிற்கும். விசை ஏறிக்கொண்டே போய், தாங்காத அன்று மீட்டர் கணக்கில் நழுவும்; அதுதான் நிலநடுக்கம். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 400 கி.மீ.க்கும் மேல் அப்படித்தான் கிழிந்தது.

எங்கள் ஐயா பர்மாவின் பெகு ஊருக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போயிருந்தார்கள். 1930 மே 5 இரவு அந்த ஊரைச் சாய்த்ததும் இதே பிளவின் தென்பகுதிதான். அங்குள்ள ஷ்வேமாடோ பகோடா என்ற பெரிய புத்தர் கோயிலே இடிந்தது, ரங்கூனும் ஆடியது. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து உட்காரும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அடுத்து சகாயிங் பிளவைப் பற்றி வரைபடத்தோடு எழுதுங்கள். அப்புறம், செட்டிநாட்டு வீடுகளின் பழைய பெட்டிகளில் 1930 மே மாதத்துப் பர்மாக் கடிதங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்புப் போடுங்கள். எந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்று அவற்றில் எழுதியிருப்பார்கள்.

வாசகி,
காரைக்குடி