நிலா ஏன் கூடவே வருகிறது?

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் பேரனின் கேள்வி என்னை விடவில்லை. "தாத்தா, நான் நடந்தா நிலாவும் ஏன் கூடவே வருது?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் நீ, "முதல்ல பத்துப் பக்கம் படிச்சு முடி, அப்புறம் பேசலாம்" என்றாய். போய்விட்டான். பத்துப் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், 20 நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பொம்மை என்று பிறகு விளக்கினாய்.

உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே தவறை நான் உன்னிடம் செய்திருக்கிறேன்.

உனக்கு ஏழு வயதில் ஒரு எறும்பு நோட்டு இருந்தது, நினைவிருக்கிறதா? எறும்பு வரிசைக்குக் குறுக்கே ஈரவிரலால் ஒரு கோடு இழுப்பாய். அவை தடுமாறி நிற்கும். மறுபடி வரிசை சேர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணி எழுதி வைப்பாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயாகவே செய்தது. அந்த ஆண்டுதான் நான், முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்றேன். எடுத்தாய், சைக்கிளும் வந்தது. அதற்குப் பிறகு நான் எதைக் காட்டினாலும் "இது பரீட்சைக்கு வருமாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாய். அந்த நோட்டை நீ திறக்கவே இல்லை. எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

1973-இல் வெளியான ஓர் ஆய்வைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தியது. வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று சிலரிடம் முன்பே சொன்னார்கள். சிலருக்கு வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, முன்பே வாக்குப் பெற்ற பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. முன்கூட்டிப் பேசிய பேரம்தான் கெடுத்திருக்கிறது.

பல் தேய்க்க, அலமாரியை அடுக்க நட்சத்திரம் கொடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவன் போர்வைக்குள் டார்ச் அடித்துக் கதை படிக்கிறவனம்மா. அவனுக்குப் படிப்பதற்கு எதற்குக் கூலி? இப்போதே பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து எடுக்கிறான், பக்கம் சீக்கிரம் தீரும் என்று. நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பொம்மையை வாங்கிக் கொடுத்துவிடு, வாக்குத் தவற வேண்டாம். அந்த நட்சத்திர அட்டையை மட்டும் எடுத்துவிடு.

இன்றிரவு அவனை வெளியே கூட்டிப்போ. நடந்துகொண்டே பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொல், அது சட்டென்று பின்னால் போகும். அப்புறம் தூரத்து மரத்தை, அது மெதுவாக நகரும். அதற்குப் பிறகு நிலாவை. நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவன் என்ன காரணம் கண்டுபிடித்தான் என்று எனக்கு அவனே போன் பண்ணட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா