சோளகம் வீசும் மாதத்தில் எந்தக் கரை?

திருகோணமலை

அன்பு மகள் யாழினிக்கு,

நீங்கள் நால்வரும் ஓகஸ்ட் மாதத்தில் வருவதாக எழுதிய கடிதமும், அதனுடன் மருமகன் இணைத்திருந்த கடற்கரைப் பட்டியலும் கிடைத்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை வாசிக்க, நான் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். மிரிஸ்ஸ, உனவட்டுன, ஹிக்கடுவ, பெந்தோட்ட, அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி என்று ஏழு கரைகளை இரண்டு கிழமைக்குள் அடக்கியிருக்கிறார். படங்களில் எல்லாக் கடலும் ஒரே நீலமாகத்தான் இருக்கிறது. அவை எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்பதை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை. தெற்கு, தென்மேற்குக் கரைகளில் இருக்கும் முதல் நான்கையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. மருமகன் மனம் கோணாமல் இருப்பதற்காகக் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புவியியல் படிப்பித்தவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நமது நாட்டில் ஒரே நேரத்தில் எல்லாக் கரையும் குளிப்பதற்கு ஏற்றதாக இருப்பதில்லை. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. அது இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து காலி, களுத்துறைப் பக்கத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காய்ந்த வெப்பக் காற்றாகிவிடுகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்வதும் இந்தக் காற்றைத்தான். ஆகையால் தென்மேற்குக் கரைக்குக் கடலிலிருந்து வரும் காற்று, நம்முடைய கிழக்குக் கரைக்குத் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்றாக இருக்கிறது. அங்கே அலை எழும்பி மண்ணை அரிக்கும் அதே நாட்களில் இங்கே கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நம் பக்கம் திரும்பி, அதன் பின்னால் வாடைக் காற்றும் வந்துவிட்டால் இந்தக் கணக்கு அப்படியே மாறிப்போகும். அப்போது நிலாவெளியில் குளிக்க நினைப்பதும், இப்போது மிரிஸ்ஸவில் குளிக்க நினைப்பதும் ஒன்றுதான்.

இதை என் பாடப்புத்தகத்தை விட நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நன்றாக அறிவார்கள். அவர்களுடைய கடலில் சோளகம் எழும்பியதும் வள்ளம், வலை, அடுப்பு, சட்டி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக்கு வந்து, கரையோரம் வாடி என்னும் தற்காலிகக் கொட்டில் போட்டு, காற்று மாறும் வரை இங்கேயே தொழில் செய்துவிட்டுத் திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். போர்க்காலத்தில் அது பெரிதும் தடைப்பட்டிருந்தது. அவர்கள் விட்டுவரும் கரைக்கு நீங்கள் பணம் கட்டிப் போவதில் என்ன நியாயம் இருக்கிறது?

தென்மேற்கில் ஓகஸ்ட் முழுவதும் மழைதான் என்று நான் சொல்லவில்லை. வெயில் எறிக்கும் நாட்களும் அங்கே உண்டு; ஹோட்டல் வாடகையும் குறைவாக இருக்கும்; பலர் அதைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். சிக்கல் வானத்தில் இல்லை, கடலில்தான் இருக்கிறது. அலை கரையில் உடைந்து பின்வாங்கும்போது காலுக்கடியில் மணலையும் சேர்த்து இழுக்கும். ஹிக்கடுவவில் தண்ணீர் கலங்கிப் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் காலமும் மார்கழி முதல் சித்திரை வரைதான். ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு சிவப்புக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதற்காக அவ்வளவு தூரம் பறந்து வர வேண்டியதில்லை. கொழும்பில் தங்கும் இரவில் பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே குளிக்க முடியாது. ஆனால் பட்டம் ஏற்றுவதற்கு இந்தக் காற்றைப் போல வராது, இறால் வடையும் கிடைக்கும். மேற்குக் கரைக்கு அது போதும்.

இனி நம் பக்கம். நீ இங்கேதான் வளர்ந்தாய் என்றாலும் அந்த நாட்களில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கடல் குளிக்கப் போகும் மனநிலை எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே இந்தக் கரைகளை உனக்கும் புதியவையாகவே எண்ணி எழுதுகிறேன். நம் வீட்டிலிருந்து உப்புவெளி ஐந்தாறு கிலோமீற்றர். நிலாவெளி அதற்கும் வடக்கே, நகரிலிருந்து ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர். உப்புவெளியில் சாப்பாட்டுக் கடைகளும் வெளிநாட்டு இளைஞர்களும் அதிகம். நிலாவெளியில் கரை அகலம், சனம் குறைவு. நான் உங்களுக்கு நிலாவெளியைச் சொல்லுவேன். இருந்தாலும் ஒரு நாள் விடியற்காலையில் உப்புவெளிக்கு அப்பால் சல்லிப் பக்கம் போய்க் கரைவலை இழுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் இடுப்பைக் கொடுத்துப் பின்னோக்கி நடந்து இழுக்க, வரிசையின் கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடிவந்து மீண்டும் தண்ணீரோரத்தில் பிடித்துக்கொள்வார். இரண்டு வரிசையும் மெல்ல நெருங்கி, கடைசியில் வலையின் மடி கரைக்கு ஏறும்போது சூடை, கீரி, நெத்தலி மீன்கள் துள்ளுகிற சத்தம் மழை பெய்வது போலக் கேட்கும். சின்னவன் கயிற்றைப் பிடிக்கப் போனால் அவர்கள் தடுக்க மாட்டார்கள், ஆனால் காலில் செருப்பு இருக்கக் கூடாது.

நிலாவெளிக்கு நேரே கடலில் ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாமலைத் தீவுக்கு மருமகன் அரை நாள் ஒதுக்கியிருக்கிறார். அது சரியான கணக்குத்தான், நேரம் மட்டும் பிழை. பின்னேரம் போவதில் பயனில்லை. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடமாகையால், வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். நீ இலங்கைக் குடியுரிமையை மீளப் பெற்றிருப்பதால் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா. காலை எட்டு மணிக்கு முன்னரே சீட்டு எடுத்து முதற்படகில் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆட்களும் குறைவாக இருப்பார்கள். தீவின் கரையில் மணலை விட உடைந்த பவளத் துண்டுகளே அதிகம் என்பதால் வெறுங்காலால் நடக்க முடியாது. பிள்ளைகளுக்கு ரப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். நீர்க்கண்ணாடியைப் போட்டு முகத்தை அமிழ்த்தினால் கிளிமீன்களையும், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களையும், வாய்ப்பிருந்தால் ஆமையையும் காணலாம். அந்தச் சுறாக்கள் கூச்ச சுபாவம் கொண்டவை, ஆட்களைக் கண்டால் அவையே விலகிப் போகும். பெரியவளுக்கு இதை முன்னரே சொல்லி வை. ஒன்றை மட்டும் மருமகன் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: களைத்துப் போனாலும் பவளத்தின் மேல் எழுந்து நிற்கக் கூடாது. சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள் அப்படி நின்று நின்றே கரையோரத்தில் நிறையப் பாறையை நொறுக்கிவிட்டார்கள். பார்க்கப் போன பொருளையே மிதித்துக்கொண்டு படம் எடுக்கும் மனிதரை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீந்தப் பழகுகிற சின்னவனுக்குப் பாசிக்குடாவை மிஞ்சிய இடம் இல்லை. குடாவின் வாயிலே கிடக்கும் பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உள்ளே குளம் போலக் கிடக்கும் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுக்கு மேல் ஏறாது. மதியத்தில் அந்த ஆழமற்ற தண்ணீர் சூடேறிவிடும். ஆகவே காலை பத்து மணிக்கு முன்னரும் பின்னேரம் நான்கு மணிக்குப் பின்னரும் இறங்குங்கள். போர் முடிந்த பிறகு எழுந்த பெரிய ஹோட்டல்கள் குடாவைச் சுற்றி வளைத்துக்கொண்டிருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உள்ளூர்ச் சனம் குளிப்பதற்கு ஒரு முனைதான் எஞ்சியிருக்கிறது. அடுத்தாற்போல் இருக்கும் கல்குடா ஆளரவமில்லாத அழகான நீண்ட கரை என்றாலும் அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை; நடக்கப் போகலாம், குளிக்க வேண்டாம். இங்கிருந்து பாசிக்குடாவுக்கு முன்பெல்லாம் ஹபரணையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, படகுக்குக் காத்துக்கிடந்த காலமும் போய்விட்டதால், மூதூர், வெருகல், வாகரை வழியே கடலோரமாகவே போகலாம்.

அறுகம்பைக்கு இந்த முறை வேண்டாம். ஓகஸ்டில் அங்கே கடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கான நன்மை. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைக்காகவே உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் அவர்கள் அந்த மாதத்தில் கூடுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து மேலும் நூறு கிலோமீற்றர் அளவு தெற்கே போய், இரண்டு பிள்ளைகளையும் கரையில் வைத்துக்கொண்டு நீ வேடிக்கை பார்ப்பதற்கு மருமகனின் ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அவ்வளவு ஆவல் என்றால் இரண்டு நாள் தனியாகப் போய்வரட்டும், நீயும் பிள்ளைகளும் எங்களோடு இருங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். ஓகஸ்டில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருக்கும். பெரியம்மா வீட்டுக்கு எப்படியும் போக வேண்டும். அப்படிப் போகும்போது ஒரு பின்னேரத்தைக் காரைநகர்க் கசூரினாக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். வடக்கைப் பார்த்த கரையாகையால் சோளகம் அங்கேயும் முதுகுப் பக்கமிருந்தே வரும், கடல் ஆழமற்று அமைதியாக இருக்கும், சவுக்கு மர நிழலும் உண்டு. நெடுந்தீவுக்குப் போகும் யோசனையை இந்த மாதத்தில் எடுக்காதீர்கள். குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்றுக் காலத்தில் படகு ஆடும் ஆட்டத்தைப் பெரியவள் தாங்குவாள், நீ தாங்க மாட்டாய்.

தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றால் கடல் அடங்கியிருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. காற்றடைத்த வளையம், மெத்தை, பந்து போன்றவற்றை அந்தக் காற்று கரையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் அமைதியாக இருப்பதால் பிள்ளை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது கரையில் இருப்பவருக்கு உடனே உறைக்காது. ஆகவே மிதக்கும் விளையாட்டுப் பொருள் ஒன்றும் கொண்டு வர வேண்டாம், உடம்போடு கட்டுகிற மிதவைச் சட்டை மட்டும் போதும். பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடப் பழக்குங்கள். காலையில் காற்றுக் குறைவு என்பதும் நான் எல்லாவற்றையும் காலைக்கே வைப்பதற்கு ஒரு காரணம்.

உடுப்பைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஹோட்டல் கரையில் பெரியவள் எந்த நீச்சல் உடையில் இருந்தாலும் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாசிக்குடாவின் பொதுப் பக்கத்திலும் கசூரினாவிலும் நம் பெண்கள் முழு உடுப்போடுதான் குளிப்பார்கள். அங்கே முழங்கால் வரை காற்சட்டையும் ரீசேட்டும் போட்டுவிட்டால் அவளுக்கும் கூச்சமில்லை, வெயிலுக்கும் பாதுகாப்பு. திருகோணமலையில் அந்த மாதம் வெயில் முப்பத்தைந்து பாகை வரை ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

என் திட்டம் இதுதான்: இறங்கிய மறுநாள் கொழும்பிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வாருங்கள். முதல் இரண்டு நாட்கள் எங்கேயும் ஓடாமல் நித்திரை கொண்டு எழும்புங்கள். கோணேசர் கோயிலுக்கு மட்டும் பின்னேரத்தில் போவோம். பிறகு நிலாவெளியில் மூன்று நாள், பாசிக்குடாவில் மூன்று நாள், மீண்டும் வீட்டில் ஒரு நாள் தங்கி யாழ்ப்பாணம். பாசிக்குடாவுக்கு வார நாட்களைத் தெரிவு செய்யுங்கள். ஓகஸ்ட் பௌர்ணமி விடுமுறையான நிக்கினிப் போயாவை அண்டிய நாட்களில் கொழும்புச் சனம் முழுவதும் இங்கே வந்து நிற்கும், அறையும் கிடைக்காது. போயாவன்று நாடு முழுவதும் மதுக்கடை பூட்டு என்பதையும் மருமகனுக்கு மெதுவாகச் சொல்லி வை.

வான் வண்டிக்கு நம் ஒழுங்கைச் சாரதித் தம்பியிடம் அப்பா பேசிவிட்டார். அவருக்கு நாட்களைக் குறித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், விமானம் வந்து இறங்கும் நேரத்தையும் மருமகன் அறுகம்பைக்குப் போவதா இல்லையா என்பதையும் இந்தக் கிழமைக்குள் எழுதி அனுப்பு. சின்னவனின் கால் அளவையும் எழுது. ரப்பர் சப்பாத்து அங்கே கிடைக்காவிட்டால் நான் இங்கே பார்த்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா