கொட்டில் கதவில் ஒரு பலகை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. அம்மா கூப்பிட்டால் எடு.

இந்த முறை சினை ஆடு அறுபது. முப்பத்தெட்டு ஈன்றுவிட்டன, அதில் பதினொன்று ரெட்டை. கிழவியின் மகள் மூன்று போட்டிருக்கிறாள்! காம்பு இரண்டுதானே, மூன்றாவது குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றது. சீம்பாலைக் கறந்து, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அண்ணன் புகட்டிவிட்டான். இப்போது அது புட்டிப்பால் குட்டி. வருகிற பிள்ளைகள் புட்டியைப் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள்.

கிடா சேர்த்த நாளிலிருந்து ஐந்து மாதக் கணக்கை நீ சுவரில் கரியால் குறிப்பாயே, அண்ணன் அதைப் போனில் போட்டு வைத்திருக்கிறான். போன் சொன்னதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இரண்டு ஆடு ஈன்றுவிட்டன. உன் கணக்கு அப்படித் தப்பினதே இல்லை. அவனிடம் சொன்னேன், முறைத்தான்.

சனி, ஞாயிறில் பண்ணையைப் பார்க்க ஆட்கள் நிறைய வருகிறார்கள். குறை சொல்லக் கூடாது. மயிர் விற்ற காசு கத்தரிக்கிற கூலிக்கே காணாது என்பது உனக்குத் தெரியும். இவர்கள் தருகிற பணத்தில்தான் தீவனக் கடன் அடைகிறது. ஆனால் நீ எழுதி வைத்த 'ரொட்டி போடாதீர்கள்' பலகைக்குக் கீழேயே நின்று, ஒருவர் பை நிறைய ரொட்டியைப் பெரிய கிடாவுக்குப் போட்டுவிட்டார். ஆசையாகப் போட்டதுதான். சாயங்காலம் வயிறு புளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. டாக்டர் வந்து சோடா உப்புக் கரைசல் புகட்டினார். பிழைத்துக்கொண்டது. ஒரு வாரம் மந்தையில் சேராமல் தனியாகவே நின்றது.

போன மாதம் நீ வருவதாகச் சொன்னாய், வரவில்லை. வேலை இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அம்மா உன் அறையைக் கூட்டிப் பெருக்கி, வந்தவர்களுக்குக்கூட அதைக் கொடுக்காமல் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். பதினாலு வயதில், நான் ஊரில் இல்லாத அன்று, தலை மடங்கிய குட்டியைத் தனியாக நேராக்கி எடுத்தவள் நீ. டாக்டரே "இந்தக் கை எனக்கு வேண்டும்" என்றார். அப்படிப்பட்ட பெண் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச யோசிக்கலாமா? கூப்பிட்டால் எடு, கண்ணு. சாப்பிடு.

சரி. இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் இருக்கும். கொட்டில் கதவில் இருக்கிற பலகையைப் பார்த்துவிட்டு, "கர்ப்பிணிகள் ஏன் உள்ளே வரக் கூடாது?" என்று கேட்டாள். நானும் மளமளவென்று சொன்னேன். ஈனும் ஆட்டின் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கருவைக் கலைக்கிற கிருமி இருக்கலாம், ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அங்கே புழங்கின உடுப்பைக்கூடத் தொடாமல் இருப்பது நல்லது என்று. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் பின்வாங்கினாள். திரும்பிப் பார்த்தால், தண்ணீர்க் குழாயடியில் அம்மா நிற்கிறாள். என்னையே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பலகையை டாக்டர் சொல்லி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆணியடித்தவன் நான்தான்.

போன வருஷம் அந்த மழை ராத்திரி, கருங்காது ஈன முடியாமல் கிடந்தபோது, நான் உன் கதவைத் தட்டினேன். உனக்கு இரண்டு மாதம் என்று அம்மா அன்று காலையிலேயே என் காதில் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் தட்டினேன். ரெட்டையின் கால்கள் பின்னிக் கிடந்தன. என் கை பெரிது, அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. ஆடு போய்விடும் என்கிற ஒன்றுதான் என் தலையில் இருந்தது. கையுறைப் பெட்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக்கூட எடுத்துத் தரவில்லை. முதல் குட்டி செத்தே வந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஆடு குறைமாதத்தில் குட்டியை வீசிவிட்டன. அதை உனக்குச் சொல்லவில்லை. நாலாம் மாதம் அங்கிருந்து போன் வந்தபோதும் சொல்லவில்லை.

அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். வேறு காரணம் இருக்கும் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ என்னிடம் கேட்டதில்லை. கேட்காமலே உனக்குத் தெரியுமோ என்னவோ. பலகையைப் படிக்காதவளா நீ? அப்பா கூப்பிட்டார் என்று வந்தாய். அந்தக் கூப்பாட்டைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் செய். அடுத்த தடவை உன் டாக்டரைப் பார்க்கும்போது, ஆடு ஈனும்போது வெறுங்கையால் குட்டி எடுத்தேன், அந்தச் சமயத்தில் மந்தையில் வேறு ஆடுகளும் குறைமாதத்தில் குட்டியை வீசின என்று சொல். என்ன பரிசோதனை வேண்டுமென்று அவர் பார்த்துக்கொள்வார். மாப்பிள்ளையிடமும் சொல். என்னைத் திட்டினால் திட்டட்டும்.

இங்கே இன்னும் இருபத்திரண்டு ஆடு ஈன வேண்டும். அது முடிந்து, கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டதற்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வா. அதுவரைக்கும் வராதே. முன்னாடி வந்தாலும் உன்னை உள்ளே விடமாட்டேன்.

இதை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. அவளிடம் பேசும்போது சொல்லிவிடாதே. இல்லை, சொல். அவள் கேட்பதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அப்பா