விலைப் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2018 ஏப்ரலில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் தீவு முழுக்க வந்த, மின்சாரம் விற்கும் நிறுவனத்தை வீடுகளே தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தையால் பல வீடுகளில் பில் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2021 கடைசியில் மின்சாரம் தயாரிக்கும் எரிவாயுவின் விலை எகிறியதும் சில மின்சார விற்பனை நிறுவனங்கள் கடையைக் கட்டிவிட்டுப் போயினவே! விளக்கு அணையவில்லை, சரி, மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமம் அந்த வாடிக்கையாளர்களை ஏற்றுக் கைகொடுத்தது. ஆனால் குறைந்த விலையை நம்பி ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்த விலை போனது போனதுதான்.

மின்சாரச் சந்தையைக் கண்காணிக்கும் எரிசக்திச் சந்தை ஆணையம் பிறகு விற்பனை நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கியது. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

கைபேசிச் சந்தை வேறு மாதிரி. 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம், ஒப்பந்தமில்லாத சிம் திட்டம் என்றால் பிடிக்காத மாதமே கிளம்பிவிடலாம். மின்சாரத்தில் ஓராண்டு, ஈராண்டு என்று கட்டுப்படுகிறோம், அதனால் விற்பவர் தாக்குப்பிடிப்பாரா என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். ஆணையத்தின் விலை ஒப்பீட்டு இணையத்தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் விலைக்குப் பக்கத்திலேயே, விற்கும் மின்சாரத்தில் எவ்வளவுக்குத் தான் வாங்கும் விலையை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறது என்பதையும் போடட்டும். பேசி வைக்காதவர்தானே விலை எகிறும்போது தடுமாறுவார். வணிக ரகசியம் என்பார்கள். தோராயமாகவாவது சொல்லலாமே.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்